ஒன்றரை ஏக்கரை விற்கும் முன்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் சேலம் பக்கம் தறி ஓட்டிப் பிழைப்பவர்கள். என் மகனுக்கு ஆறரை வயது. நாலு வயதிலிருந்தே அடிக்கடி விழுவான், படி ஏறத் திணறுவான். ரத்தத்தில் எஸ்ஜிபிடி கூடுதல், ஈரல் கோளாறு என்று சொன்னதால் ஒரு வருடம் கீழாநெல்லி கொடுத்தோம். மூன்று மாதம் முன்புதான் தசை கெடுவதைக் காட்டும் சிபிகே பார்த்தார்கள், 14,000. மரபணுப் பரிசோதனையில் டுஷேன் தசைச்சிதைவு, மரபணுவில் எக்ஸான் என்கிற துண்டுகளில் 48 முதல் 50 வரை இல்லை என்று வந்திருக்கிறது. ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார்கள். பயந்துகொண்டு இன்னும் தொடங்கவில்லை. வெளி மாநிலத்தில் ஓரிடத்தில் ஸ்டெம் செல் ஊசி நாலு தடவை போட்டால் நடப்பான் என்கிறார்கள், பன்னிரண்டு லட்சமாம். ஒன்றரை ஏக்கர் காட்டை விற்றுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். அமெரிக்காவில் ஒரே ஊசியில் குணமாகிறது, 16 கோடி ஊசி போல ஊரெல்லாம் வசூல் செய்யலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். மாமியார், "உன் வழியாத்தான் வந்தது" என்கிறார். சொந்தத்தில் கட்டியதால் வந்ததா? எனக்கு மூன்று வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். என் தங்கை இப்போது இரண்டு மாதம். பையன் "எனக்கு எப்பம்மா ஓட வரும்?" என்று கேட்கிறான். என்ன சொல்லட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் காட்டைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். என் கண் போய் நின்றது உங்கள் தங்கை இரண்டு மாதம் என்ற வரியில். மற்ற எதுவும் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பினேன். இதே நிலையில் உள்ள மற்ற குடும்பங்களுக்காக அதை இங்கும் சொல்கிறேன்.

டுஷேன் நோயில் பழுதாவது டிஸ்ட்ரோபின் என்ற புரதத்தின் மரபணு. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றொன்று ஈடுகொடுத்துவிடும், அவளிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. ஆணுக்கு ஒன்றே ஒன்றுதான். உங்கள் உடம்பில் அந்தப் பழுது இருந்தால், அது உங்கள் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் தங்கையிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளிடம் இருந்தால், அவள் வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருக்கும்பட்சத்தில் அதற்கும் பாதிக்குப் பாதி.

ஆகவே நீங்களும் தங்கையும் ஒரே நாளில் ரத்தம் கொடுங்கள். பையனின் மரபணு அறிக்கையின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். எந்த எக்ஸான் இல்லை என்று தெரிந்திருப்பதால் மரபணுவில் துண்டு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கும் எம்எல்பிஏ என்ற பரிசோதனையே உங்கள் இருவருக்கும் போதும். வேலூர் சிஎம்சியின் மரபணுவியல் பிரிவிலும், கோவையில் இந்த நோய்க்காகவே நடக்கும் எம்டிசிஆர்சி மையத்திலும் இந்தப் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்கும். தங்கையிடம் பழுது இல்லை என்று வந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கலாம். இருக்கிறது என்று வந்தால், 11 முதல் 13 வாரத்துக்குள் நச்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துக் குழந்தையைப் பரிசோதிக்க முடியும். அந்த வாரம் தப்பினால், 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பார்க்கலாம். குழந்தை ஆணா பெண்ணா என்று பார்ப்பதைக் குற்றமாக்கிய அதே சட்டம், இதுபோன்ற நோய்களுக்கான பரிசோதனையைப் பதிவுபெற்ற மையங்களில் அனுமதிக்கிறது. முடிவு தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதைத் தங்கையும் அவள் கணவரும் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். அவர்கள் கையில் நேரம் இருக்கும்போதே விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அவசரம்.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். மசக்கையில் இருக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லாதே என்று வீட்டுப் பெரியவர்களும் தடுப்பார்கள். தடுத்தாலும் சொல்லிவிடுங்கள். "எங்களுக்கு முன்னாடியே தெரிந்திருந்தும் ஏன் சொல்லலை?" என்று அக்காவிடம் தங்கை கேட்டு அழுததை என் அறையில் நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அக்காவிடம் பதில் இல்லை.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். இந்த நோயுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பழுது புதிதாகவே உண்டாகிறது. தாயிடமும் இல்லை, பாட்டியிடமும் இல்லை. உங்கள் ரத்தப் பரிசோதனை வரும்வரை "உன் வழியா" என்ற பேச்சுக்கே இடமில்லை. வந்த பிறகும் இடமில்லை. கண்ணின் நிறத்தை நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை, இதையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. சொந்தத்தில் கட்டியதற்கும் டுஷேனுக்கும் தொடர்பே கிடையாது. சொந்தத்தில் கட்டுவதால் கூடும் தசைநோய்கள் வேறு வகை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் அழைத்துப்போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் பல வீடுகளில் அந்தப் பேச்சு அடங்கிவிடுகிறது.

இன்னும் இரண்டு செய்தி. உங்கள் ரத்தத்தில் பழுது இல்லை என்று வந்தாலும், கருமுட்டைகளில் சிலவற்றில் மட்டும் அது ஒளிந்திருக்கக்கூடும். அதனால் உங்களுக்கு அடுத்த கர்ப்பம் உண்டானால் கட்டாயம் பரிசோதனை வேண்டும். பழுது இருக்கிறது என்று வந்தால், நீங்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும், ஏனென்றால் பழுதைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கு இதயத்தசை பலவீனமாகிறது. மகளுக்கான பரிசோதனைக்கு இப்போது அவசரமில்லை.

இனி ஊசி விவகாரம். 16 கோடி ஊசி என்று நீங்கள் கேள்விப்பட்டது சோல்ஜென்ஸ்மா. அது எஸ்எம்ஏ என்ற வேறொரு நோய்க்கு. அங்கே கெடுவது தண்டுவடத்தில் இருக்கும் நரம்புச் செல்கள். தசை அதன் பின்விளைவாகத்தான் மெலிகிறது. அந்த நோய்க்குக் காரணமான மரபணு மிகச் சிறியது, அதை முழுசாக ஒரு வைரஸுக்குள் ஏற்றி அனுப்பிவிடலாம். குழந்தைப் பருவத்திலேயே கொடுத்தால் நல்ல பலன் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் "ஒரே ஊசி" என்கிறார்கள். டுஷேனில் கதை அப்படி இல்லை. ஏன் என்று உங்கள் வீட்டுக்காரருக்கு உடனே புரியும், அவர் தறிக்காரர்.

சேலையில் பூ விழ வைக்கும் ஜக்கார்டுப் பெட்டிக்கு மேலே ஓட்டை போட்ட அட்டைகள் சங்கிலியாகச் சுற்றி வருமே, டிஸ்ட்ரோபின் மரபணுவை அப்படி 79 அட்டைகள் கொண்ட சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அட்டைதான் ஒவ்வோர் எக்ஸான். தறியில் ஒரு அட்டை போனால் பூ கொஞ்சம் கோணலாக விழும், தறி நிற்காது. செல்லில் அப்படியில்லை. ஒரு அட்டையின் விளிம்பும் அடுத்ததின் விளிம்பும் சரியாகப் பொருந்தினால்தான் வேலை ஓடும். உங்கள் மகனுக்கு 48, 49, 50 ஆகிய மூன்று அட்டைகள் இல்லை. 47-ம் 51-ம் பொருந்தவில்லை, அந்த இடத்தில் தறி நின்றுவிடுகிறது. புரதமே உருவாவதில்லை. இந்தப் புரதம்தான் தசைநார் சுருங்கி விரியும்போது அதன் சவ்வு கிழியாமல் பிடித்துக்கொள்வது. அது இல்லாததால் நடந்தாலும் ஏறினாலும் சவ்வு கிழிகிறது, உள்ளே இருப்பது ரத்தத்தில் கசிகிறது. சிபிகே 14,000 வந்தது அதனால்தான். எஸ்ஜிபிடியும் தசையிலிருந்து வந்ததே. ஈரலில் கோளாறே இருந்திருக்காது. நிற்கத் திணறும் பையனுக்கு எஸ்ஜிபிடி கூடியிருந்தால் சிபிகே ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் சக மருத்துவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். உங்களுக்குப் போன அந்த ஒரு வருடத்துக்காக எனக்கு மனம் வலிக்கிறது.

இப்போது கவனியுங்கள். 47-ன் விளிம்பு 52-ஓடு பொருந்தும். அப்படியானால் 51-ஐயும் வேண்டுமென்றே தாண்டச் செய்தால்? சங்கிலி சற்றுக் குட்டையாகும், ஆனால் ஓடும். பிறவியிலேயே 48 முதல் 51 வரை இல்லாமல் பிறக்கும் ஆண்கள் இருக்கிறார்கள். ஒரு அட்டை அதிகமாக இழந்தும் அவர்களுக்கு வருவது பெக்கர் என்ற மிதமான வகை. இந்தத் தந்திரத்துக்குத்தான் எக்ஸான் தாண்டல் என்று பெயர். டுஷேன் பிள்ளைகளில் சுமார் 13 சதவீதம் பேருக்கு 51-ஐத் தாண்டினால் பொருந்தும், உங்கள் மகன் அதில் ஒருவன். உங்களிடம் இருக்கும் அந்த அறிக்கை பத்திரம் போன்றது. லேமினேட் செய்து வையுங்கள்.

51-க்கான முதல் மருந்து எட்டெப்ளிர்சென், 2016 செப்டம்பரில் அமெரிக்க மருந்து ஆணையம் நிபந்தனையோடு அனுமதித்தது. வாரம் ஒருமுறை ரத்த நாளத்தில் ஏற்ற வேண்டும், நிறுத்தாமல். அனுமதிக்கு அடிப்படையாக இருந்த ஆய்வில் பிள்ளைகளின் தசையில் டிஸ்ட்ரோபின் இயல்பான அளவில் 0.16 சதவீதமாக இருந்தது 48 வாரத்தில் 0.44 சதவீதம் ஆனது. அரை சதவீதம்கூட இல்லை. ஐரோப்பிய ஆணையம் 2018-ல் மறுத்துவிட்டது. மருந்து தசைக்குள் போதுமான அளவு நுழைவதில்லை என்பதுதான் சிக்கல். அதையே ஆன்டிபாடியோடு பிணைத்து உள்ளே இழுத்துப்போக வைக்கும் அடுத்த தலைமுறை மருந்துகள் 51-க்கும் ஆய்வில் இருக்கின்றன. என் நம்பிக்கை இந்தப் பக்கம்தான் அதிகம் சாய்கிறது.

"ஒரே ஊசி" என்று உங்களிடம் சிலர் சொன்னது எலெவிடிஸ் என்ற மரபணு ஊசி பற்றியதாக இருக்க வேண்டும். டிஸ்ட்ரோபினை உருவாக்கும் மரபணுச் செய்முறை சுமார் 11,000 எழுத்து நீளம். சுமந்துபோகும் வைரஸில் ஏறக்குறைய 4,700 எழுத்துதான் கொள்ளும். எனவே நடுப்பகுதியை வெட்டி, முனைகளை வைத்து ஒரு குட்டி டிஸ்ட்ரோபின் செய்தார்கள். இது வெறும் கற்பனை அல்ல. இந்த மரபணுவில் 46 சதவீதம் இல்லாமலேயே 61 வயதில் நடந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றி 1990-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதுதான் இந்த யோசனைக்கு விதை.

அமெரிக்கா 2023 ஜூனில் 4, 5 வயதுப் பிள்ளைகளுக்கு அனுமதித்து, 2024-ல் வயதை விரித்தது. விலை 32 லட்சம் டாலர். 4 முதல் 7 வயது வரை 125 பையன்களிடம் நடந்த பெரிய ஆய்வில், நடப்பது எழுவது குதிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து 34 மதிப்பெண் போடும் அளவுகோலில், ஒரு வருடம் கழித்து ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் 0.65 மதிப்பெண். அது தற்செயலாகக்கூட இருக்கலாம் என்ற அளவுதான். தரையிலிருந்து எழும் நேரம் சற்றுக் குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2025-ல், நடக்க முடியாத நிலையில் இந்த ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பதின்வயதுப் பையன்கள் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். அதற்குப் பிறகு, நடக்கக்கூடியவர்களுக்கு மட்டும் என்று குறுக்கி, ஈரல் ஆபத்து பற்றிய கடுமையான எச்சரிக்கையோடு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஆணையத்தின் நிபுணர் குழு அதே ஆண்டு ஜூலையில் வேண்டாம் என்றது. இதே போன்ற இன்னொரு ஊசியை ஃபைசர் நிறுவனம் கொண்டுவர முயன்றது. ஆய்வில் சிறுவர்கள் இறந்ததும் பலன் நிரூபணமாகாததும் சேர்ந்து 2024-ல் அது நின்றுபோனது.

இன்னொன்றும் உண்டு. அந்த வைரஸை உடம்பு ஒருமுறை பார்த்துவிட்டால் எதிர்ப்பு உண்டாகிவிடும், இரண்டாம் தடவை போட முடியாது. வைரஸ் கொண்டுவந்த செய்முறை நம் குரோமோசோமோடு சேர்வதும் இல்லை. பையன் வளரும்போது தசையும் வளருமே, அப்போது எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பது இன்னும் திறந்த கேள்விதான். வயதும் நடையும் பழுதின் இடமும் பார்த்தால் உங்கள் மகன் இந்த ஊசிக்கு விலக்கப்பட்டவன் அல்ல. ஆனால் ஊரையே கூட்டி அத்தனை கோடி திரட்டி இதைப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் பிள்ளையாக இருந்தாலும் இன்றைய நிலையில் காத்திருப்பேன்.

ஸ்டெம் செல்லுக்கு நான் காத்திருக்கக்கூடச் சொல்ல மாட்டேன். வேண்டாம். தசைச்சிதைவுக்கு ஸ்டெம் செல் சிகிச்சையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏற்கவில்லை. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுப்பது நெறிமீறல் என்று 2017-ன் தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. உண்மையான மருந்து ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள், இந்திய ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் இருக்கும். பன்னிரண்டு லட்சம் கேட்பவர்களிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். "ஊசி போட்டதும் ரெண்டு மாசம் நல்லா நடந்தான்" என்று காணொளி காட்டுவார்கள். ஐந்து, ஆறு வயதில் டுஷேன் பிள்ளைகள் வளர்ச்சியின் வேகத்தால் தாமாகவே கொஞ்சம் தேறுவதுண்டு. ஊசி போடாவிட்டாலும் தேறியிருப்பார்கள். நகையை விற்று, வீட்டை அடமானம் வைத்து, மூன்றாவது ஊசிக்குப் பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சக்கர நாற்காலி வாங்கப் பணம் இருக்கவில்லை. இந்தப் பதிலை நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கே அவர்கள்தான் காரணம். காட்டை விற்காதீர்கள்.

ஸ்டீராய்டை, உங்கள் டாக்டர் எழுதிய அளவில், தொடங்குங்கள். பயம் எனக்குப் புரிகிறது. முகம் ஊதும், பசி கூடும், உயரம் குறையும், எலும்பு மெலியும், சில பிள்ளைகள் எரிச்சல்படுவார்கள், கண்புரைக்காக வருடத்துக்கு ஒருமுறை கண் பார்க்க வேண்டும். இதெல்லாம் இருந்தும் உலகம் முழுக்க டுஷேன் மருத்துவர்கள் அதையே முதலில் கொடுக்கிறோம், ஏனென்றால் பிள்ளை நடக்கும் காலத்தை அது இரண்டு மூன்று வருடம் நீட்டிக்கிறது, முதுகு வளைவதைத் தள்ளிப்போடுகிறது, பின்னாளில் மூச்சைக் காக்கிறது. ஊசிகளைப் பற்றிய மேலே சொன்ன எண்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மாத்திரை விலை மாதம் சில நூறுதான். தொடங்கும் முன் அம்மைத் தடுப்பூசிகள், குறிப்பாகச் சின்னம்மைக்கானது, போட்டாயிற்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொடங்கிய பிறகு எந்தக் காரணத்துக்காகவும் சட்டென்று நிறுத்தக் கூடாது. வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நாளை நல்ல மருந்து ஆய்வு ஒன்று வந்தாலும், பெரும்பாலும் ஸ்டீராய்டு ஒரே சீராக எடுத்துக்கொண்டு இன்னும் நடந்துகொண்டிருக்கும் பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள்.

குதிகால் தசைநாண் இறுகாமல் தினமும் காலையும் மாலையும் பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடியுங்கள். முறையை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். இரவில் கணுக்காலுக்குப் பட்டை போட வேண்டும். நீச்சல் நல்லது. படியில் இறங்கி ஏறி "பலம் வர" வைப்பது கெடுதல். பள்ளியில் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். இதயத்துக்கு வருடம் ஒருமுறை எக்கோ. பத்து வயதுக்குள், இதயம் நன்றாக இருந்தாலும், அதைக் காக்கும் மாத்திரை தொடங்குவது வழக்கம். பத்தைத் தாண்டியதும் இரவுத் தூக்கத்தில் மூச்சை அளந்து பார்க்க வேண்டியிருக்கும்.

எலும்பு முறிவைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன், என்னிடம் வரும்போது நடந்து வந்தவன், பள்ளியில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஒரு மருத்துவமனையில் ஆறு வாரம் அசையாமல் படுக்க வைத்துவிட்டார்கள். அவன் பிறகு நடக்கவே இல்லை. இந்தப் பிள்ளைகளை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நிறுத்த முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிறுத்த வேண்டும். அதேபோல எந்த அறுவைச் சிகிச்சை என்றாலும், பல் பிடுங்க மயக்கம் கொடுத்தாலும், டுஷேன் என்று மயக்க மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். சக்சினைல்கோலின் என்ற மருந்து இவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து பள்ளிப் பையில் வைத்துவிடுங்கள்.

பண உதவி பற்றி. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவு இடம்பெற்றிருக்கிறது. சேலம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தசைச்சிதைவு உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது, பின்னாளில் பேட்டரி சக்கர நாற்காலியும் அங்கேதான் கேட்க வேண்டும். 2021-ன் தேசிய அரிய நோய்கள் கொள்கையின் கீழ் 50 லட்சம் வரை உதவி உண்டு, குறிப்பிட்ட சிறப்பு மையங்கள் வழியாக மட்டும். உங்களுக்குப் பெங்களூரு மனித மரபியல் மையம் பக்கம். அங்கே பையனின் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். 51-க்கான ஆய்வு எதுவும் இங்கே வந்தால் பதிவேட்டில் இருப்பவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

பையன் கேட்ட கேள்வி. "சீக்கிரம் ஓடுவே கண்ணு" என்று சொல்லாதீர்கள். ஏழு வயதில் நம்புவான், ஒன்பது வயதில் நீங்கள் சொன்ன எதையும் நம்ப மாட்டான். அவனுக்கு விஷயம் பாதி தெரியும், அதனால்தான் கேட்கிறான். நான் இப்படிச் சொல்வேன்: "உன் தசையில ஒரு பசை கம்மியா இருக்கு, அதனால கால் சீக்கிரம் அசந்துபோகுது. நீ சோம்பேறி இல்ல, உன் மேல தப்பும் இல்ல. டாக்டருங்க அந்தப் பசையைக் கொண்டுவர வழி தேடிக்கிட்டு இருக்காங்க. அதுவரைக்கும் மாத்திரையும் கால் பிடிக்கிறதும் நம்ம வேலை." அவன் அடுத்துக் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கேட்காததற்கு வேண்டாம். என்னிடம் ஆறு வயதில் வந்த ஒருவருக்கு இப்போது இருபத்தாறு. இரவில் மூச்சுக் கருவி வைத்துக்கொள்கிறார், பகலில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிச் சம்பாதிக்கிறார். போன மாதம் பரிசோதனைக்கு வந்தவர், தன் அண்ணன் மகள் காதுகுத்துக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டுப் போனார்.

தங்கையின் பரிசோதனை முடிவு வந்ததும், அது எதுவாக இருந்தாலும், எனக்கு எழுதுங்கள்.